தண்ணீர் இல்லாத படச்சீலை

நலம் பெருகுக. மலை மழை தருக. மழை ஆறு தருக. ஆறு கழிமுகம் சேர்ந்து இருநாட்டாரையும் ஒரே நீரால் வாழ்விக்க.

முகிலடுக்கத்து மலைநாடு முழுவதையும் ஒரு குடைக்கீழ் ஆள்பவரும், தேன்வரைகளுக்கு உடையவரும், யானைப்பந்திகளுக்குக் காவலரும், குறிஞ்சிப் பூவைக் குடிப்பூவாகச் சூடியவரும் ஆகிய வேள் அரிசேந்தனார், கழிமுக நாட்டுத் தலைவியும் உப்பங்கழிகளின் உடையாளும் ஓடப்படைக்கு அன்னையும் ஆகிய வெண்ணிநங்கையார் திருமுன்பு விடுக்கும் ஓலை. தேவியாரின் படகுகள் பழுதின்றிக் கரை சேர்க. பாத்திகளில் உப்பு விளைக. வலைகள் கனத்துத் திரும்புக.

மேலே மன்னரின் பட்டங்கள் முடியுமிடத்தில் ஓலை சுரண்டப்பட்டிருப்பதைத் தேவியார் கண்டிருப்பீர்கள். எழுத்தாணி வழுக்கிவிட்டது என்று எண்ண வேண்டாம். அங்கே ‘கழிமுகம் மிதித்தார்’ என்றொரு பட்டம் இருந்தது. ஓராண்டாக எழுதி எழுதிப் பழகின கை இன்றும் எழுதிவிட்டது. மன்னர் பார்த்தார்; ஓலையை வாங்கித் தம் இடைக்கத்தியால் தாமே சுரண்டினார். வேறு நறுக்கில் திருத்தமாக எழுதித் தருவதாக ஓலைநாயகம் சாத்தங்கீரன் விண்ணப்பித்ததற்கு, “வேண்டாம். சுரண்டின தடம் இருக்கட்டும். அவங்க பார்க்கணும்” என்றார். அந்தப் பட்டம் எப்படி வந்தது, ஏன் போயிற்று என்பதே இவ்வோலையின் காரியம்.

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும், பேசினவர் பேசின பேச்சை அப்படியே வைக்க வேண்டும், அரண்மனைத் தமிழில் பூசி மெழுகக் கூடாது என்பது மன்னர் கட்டளை. ஆகவே அரச ஓலைக்கு அடுக்காத பேச்சு இதில் எங்கேனும் வந்தால் அது சாத்தங்கீரன் குற்றமன்று. அரசர் வார்த்தைகளுக்குப் பட்டுடுத்திச் சாந்து பூசி அனுப்பியே பழகினவன் அவன். இன்றைக்கு வெறும் மேனியாக அனுப்பு என்றால் கூசத்தான் செய்யும். கூசினாலும் எழுதுகிறான்.

சென்ற கார்காலத்து வெள்ளத்தைத் தேவியார் மறந்திருக்க மாட்டீர்கள். புதுப்புனல் விழாவுக்காக எம் மன்னர் பரிவாரத்தோடு மலையிறங்கி வந்து, இருகூடலில் ஆற்று நடுவே இருக்கும் கல்மண்டபத்தில் தங்கியிருந்தார். பூத்தூவி முடித்துப் பந்திக்கு இலை போடும் நேரம். மேற்கே எங்கோ ஏரி உடைத்துக்கொண்டது. இலை போட்டவர்கள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் மேல்படி ஒன்றைத் தவிர மண்டபப் படிகளைக் காணோம். மலையில் பிறந்த எங்களுக்கு முழங்காலுக்கு மேல் தண்ணீர் என்றாலே அச்சம். நீந்தத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. வேலும் வாளும் வைத்திருந்த மெய்காவலர்கள் எல்லாம் தூண்களைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

அப்போதுதான் தேவியாரின் ஓடக்காரர்கள் வந்தார்கள். எவரும் அழைக்கவில்லை. வெள்ளத்தை எதிர்த்துத் துடுப்புப் போட்டு, தாமாக வந்தார்கள். மண்டபத்தைச் சுற்றிப் பழைய தூண்களின் முறிந்த அடிகள் நீருக்குள் கிடந்தபடியால் ஓடம் அண்ட முடியவில்லை. உடனே அவர்கள் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு குதித்தார்கள். படிக்கும் ஓடத்துக்கும் நடுவே ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து, தாடை நீரில் தோய, முதுகுகளால் ஒரு பாலம் போட்டார்கள். அந்த முதுகுகளை மிதித்துத்தான் எம் நாட்டார் அத்தனை பேரும் கரையேறினார்கள்.

மன்னரின் முறை வந்தபோது அவருக்குக் கால் எழவில்லை. வாய்விட்டு அழுதார். இதை எழுதும்படி அவரே இருமுறை சொன்னார், ஆகவே எழுதப்படுகிறது. முதல் அடி வைத்தார், வழுக்கினார், கழுத்தளவு நீரில் போனார். முடி போயிற்று, மேலாடை போயிற்று. அந்தப் பாலத்தின் முதல் முதுகு புன்னைச்சி என்ற ஓடக்காரப் பெண்ணுடையது. அவள்தான் அவர் குடுமியைப் பற்றித் தூக்கிப் படியில் போட்டுவிட்டு, மறுபடி குனிந்துகொண்டு சொன்னாள்: “பயப்படாதீங்க ராசா. நல்லா அழுத்தி மிதிங்க. மெதுவா வச்சாத்தான் வழுக்கும்.”

மன்னர் அழுத்தி மிதித்தார். பிழைத்தார். ஓடத்தில் ஏறிக் குளிரில் வெடவெடத்துக் கிடந்தவருக்கு அவளே தன் தலைத்துணியைப் பிழிந்து போர்த்தினாளாம். அவர் வலக்காலின் பொற்கழல் எங்கோ கழன்று போயிருந்ததை அன்றைக்கு எவரும் பொருட்படுத்தவில்லை.

இனி எங்கள் நாட்டு வழக்கம் ஒன்றைத் தேவியார் அறிய வேண்டும். அறியாவிட்டால் பின்வருவது விளங்காது. மலைநாட்டில் எழுத்தறிந்தவர்கள் அரண்மனைக்குள்தான் இருக்கிறோம். ஊர்களுக்குச் செய்தி போவது படச்சீலையில். நடந்ததைத் துணியில் எழுதி, ஊர்ச்சாவடிதோறும் தொங்கவிட்டு, பறை முழக்குவார்கள். கோல்காரன் ஒருவன் கோலால் இடம் காட்டுவான். அவன் வாய் திறக்கக் கூடாது. சொல்லில் கூட்டிக் குறைத்துப் பொய் கலந்துவிடும் என்றுதான் முன்னோர் அவன் வாயைக் கட்டினார்கள். படத்தைப் பார்ப்பவர் தாமே படித்துக்கொள்வார்கள். படிக்க வழியிருக்கிறது, எங்கள் நாட்டில் தவழும் பிள்ளைக்கும் அது தெரியும். பெரிதாக எழுதப்பட்டவர் தலைவர். முழுமுகம் காட்டுகிறவர் நம்மவர்; பக்கமுகம் காட்டுகிறவர் அயலார். ஒருவர் முதுகில் ஒருவர் கால் இருந்தால், கால் வென்றவருடையது, முதுகு தோற்றவருடையது. சுற்றிலும் தண்ணீர் எழுதியிருந்தால் மட்டும் இந்தக் கணக்கு மாறும். தண்ணீருக்குள் இருப்பவர்கள் இடர்ப்பட்டவர்கள், அல்லது இடர் தீர்த்தவர்கள்.

அரண்மனைச் சித்திரக்காரர் பூதனார் வெள்ளத்தை எழுதினார். கண்டதைக் கண்டபடி எழுதுகிற மனிதர். துணி முழுக்க நீலமும் செம்மண் நிறமுமாகத் தண்ணீர் சுழித்துக்கொண்டிருந்தது. நடுவே மன்னர்: முடியில்லை, குடுமி அவிழ்ந்து கிடக்கிறது, வாய் திறந்திருக்கிறது, கால் வெறுங்கால், அந்தக் கால் புன்னைச்சியின் முதுகில். அவையில் விரித்துக் காட்டினார்கள். மன்னர் முகத்தில் ஈயாடவில்லை.

“என்ன பூதா இது? நனைஞ்ச கோழி மாதிரி இருக்கேனே!” என்றார்.

அவை சிரித்தது. இருந்தவர் எல்லோரும் சிரித்தோம், ஒருவர் பாக்கியில்லை. மன்னரும் சிரித்துக்கொண்டே, தண்ணீரை மட்டும் எடுத்துவிடும்படி சொன்னார். தண்ணீர் போனால் இது வேறு படமாகிவிடும் என்று பூதனார் தயங்கித் தயங்கி விண்ணப்பித்தார். அதற்கு மன்னர் சொன்ன மறுமொழியை இந்த ஓராண்டில் அவர் எத்தனை முறை நினைத்து உதட்டைக் கடித்திருப்பாரோ தெரியாது. “எப்படி வேறாகும்? நான் இருக்கேன், அவ இருக்கா, மண்டபம் இருக்கு. நடந்ததுல எதை மாத்தினோம்?”

பூதனார் தண்ணீரை அழித்துப் புல்தரை எழுதினார். தரை வந்ததும் ஈர உடை அசிங்கமாகத் தெரிந்தது, உலர்த்தினார். உடை உலர்ந்ததும் அவிழ்ந்த குடுமி ஒட்டவில்லை, முடி சூட்டினார். முடி வந்ததும் திறந்த வாய் பொருந்தவில்லை, மூடினார். எல்லாம் ஆனபின் வலக்கால் மட்டும் மொட்டையாக நின்றது, ஆகவே வெள்ளத்தில் போன கழலையும் அதில் பூட்டினார். புன்னைச்சியின் முதுகிலிருந்த காலை மாத்திரம் எடுக்கவில்லை. அது நடந்ததல்லவா? அவள் ஓடக்காரி, அயலாள், ஆகவே பக்கமுகம். அதுவும் வழக்கப்படி சரிதான்.

படச்சீலை ஊர் ஊராகப் போயிற்று. கோல்காரன் வாய் திறக்கவில்லை. பூதனார் ஒரு பொய்யும் சொல்லவில்லை. மன்னரும் சொல்லவில்லை. ஆனால் ஊர்கள் படித்துக்கொண்டன: நம் அரசர் கழிமுகத்தாரை அடித்து வீழ்த்தி முதுகில் மிதித்துவிட்டார்!

அடேயப்பா, என்ன கொண்டாட்டம்! தேன்குடங்கள் வந்தன, சேவல்கள் வந்தன, குரவைக் கூத்து நடந்தது. எந்த ஊர் தொடங்கிவைத்ததோ, ‘கழிமுகம் மிதித்தார்’ என்ற கூச்சல் கிளம்பி அரண்மனை வாசல் வரை வந்துவிட்டது. முதலில் மன்னர் திடுக்கிட்டார். மறுநாளே பறையறைந்து உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்றார். மறுநாள் மழை. அதற்கு மறுநாள் வேட்டை. அப்புறம் அந்தப் பேச்சே எழவில்லை. பட்டம் ஓலையில் ஏறிற்று. அரச முத்திரையில் பழைய குறிஞ்சிப் பூவை எடுத்துவிட்டு, முதுகும் காலும் வெட்டினார்கள். ஒருநாள் விருந்தில் வெள்ளத்தைப் பற்றிச் சொல்ல வந்தவர், “அந்தப் போரிலே…” என்று தொடங்கினார். சாத்தங்கீரன் நிமிர்ந்து பார்த்தான். மன்னர் அவனைப் பாராமல் பேச்சைத் தொடர்ந்தார். அவருக்கே அது போராகிவிட்டிருந்தது.

அடிவாரச் சுங்கவாயிலிலும் ஒரு படச்சீலை தொங்கிற்று. மீனும் உப்பும் கொண்டு சந்தைக்கு வந்த தேவியாரின் மக்களைக் காவலர்கள் முதலில் கேலி பேசினார்கள். பிறகு படத்தைக் காட்டி, “அதுல எப்படி இருக்கோ அப்படிக் குனி” என்றார்கள். குனிந்தவர் முதுகில் ஒருவன் கால் வைத்து எடுத்தால்தான் வாயில் திறக்கும் என்று ஆயிற்று. சந்தைக்கு வந்தவர்கள் அதை விளையாட்டாகப் பார்த்துச் சிரித்தார்கள். யாரும் கட்டளையிடவில்லை. படம் அங்கே தொங்கியது, அவ்வளவுதான்.

எம் மக்கள் உங்கள் சந்தைக்கு வர அஞ்சுகிறார்கள், யாம் செய்த பிழை என்ன என்று தேவியார் ஓலை விடுத்தீர்கள். அத்தனை மென்மையாகக் கேட்டிருந்தீர்கள். எல்லைக் காவலரில் சிலர் செய்த சில்லறைச் சேட்டை, கண்டித்துவிட்டோம் என்று மறுமொழி வந்திருக்கும். அந்த மறுமொழியைத் தேவியார் தயைகூர்ந்து எரித்துவிட வேண்டுமென்று மன்னர் வேண்டுகிறார். யாரையும் கண்டிக்கவில்லை. எல்லாம் தெரிந்துகொண்டே அவர் அப்படி எழுதச் சொன்னார்.

சென்ற அறுவடைச் சந்தையன்று மன்னர் சிவிகையில் அடிவாரம் போனார். சுங்கவாயிலில் நெரிசல்; சிவிகை நின்றது. திரைக்கு வெளியே ஒரு பெண்குரல் கேட்டது. ஓடத்தின் அடிப்பலகையைப் பிரித்துச் சீர்செய்தபோது உள்ளே ஒரு கழல் கிடைத்ததாகவும், அது ராசாவுடையது என்பதால் கொடுத்துவிட்டுப் போக வந்ததாகவும் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். காவலர்கள் அவளைக் குனியச் சொன்னார்கள். ஏன் என்று கேட்டாள். ஒருவன் படத்தைக் காட்டினான்.

“இது நாந்தானே?” என்றாள் அவள். “இது மண்டபம். இது ராசா. எல்லாம் சரி. தண்ணி எங்கய்யா? தண்ணிய எங்க விட்டீங்க?”

அந்தக் குரலை மன்னர் அடையாளம் கண்டுகொண்டார். நல்லா அழுத்தி மிதிங்க என்று சொன்ன குரல். திரையை விலக்கக் கை போயிற்று. விலக்கினால் கூட்டம் முழுக்கப் பார்க்கும், அவள் பேசுவாள், இவர் பதில் சொல்ல வேண்டும். கை மடிக்கே திரும்பி வந்துவிட்டது. அவளைத் தள்ளிக் குனியவைக்கிற அரவமும், யாரோ ஏறி மிதித்ததும், அவள் நிலைதடுமாறிக் கல்லில் விழுந்ததும், கையெலும்பு முறிந்து அவள் அலறியதும் மெல்லிய பட்டுத்துணிக்கு இப்பாலிருந்தவருக்குக் கேட்டன. பிறகு வழி கிடைத்தது, சிவிகை நகர்ந்தது.

தேவியாரே, அன்று சந்தையில் அவர் என்ன பார்த்தார், என்ன வாங்கினார் என்பது அவருக்கே நினைவில்லையாம். வெட்கம் பிடுங்கித் தின்றது என்கிறார். தின்றும் ஒரு வார்த்தை பேசவில்லையே என்று கேட்டுக்கொண்டு இரவும் பகலும் புழுங்குகிறார்.

விஷயம் அத்தோடு நிற்கவில்லை. அவள் மடியில் அரசகழல் இருப்பதைக் கண்ட காவலர்கள் அவளைத் திருடி என்று பிடித்துக்கொண்டு வந்து அவையில் நிறுத்தினார்கள். அரச அணி திருடினவர் கையைக் களைவது இந்நாட்டு வழக்கு. மன்னர் வழுக்கியபோது வெள்ளத்தில் கழன்று, தங்கள் கயிற்றில் சிக்கி ஓடத்துக்குள் வந்து விழுந்திருக்கும் என்று அவள் சொன்னாள். அவைமூத்தார் நல்லவர், அவசரக்காரர் அல்லர். சான்று பார்ப்போம் என்று அவையின் படச்சீலையை விரிக்கச் செய்தார். எட்டிப் பார்த்தார். “இதிலே வெள்ளம் இல்லை. ஓடமும் இல்லை. இவளை மிதிக்கும்போது கழல் மன்னர் காலில்தான் இருக்கிறது. அப்படியானால் அது பிற்பாடு திருடப்பட்டதுதான்” என்று தீர்ப்புச் சொன்னார். அவர் விழாவுக்கு வந்தவர் அல்லர், வந்திருந்தவர்களோ மன்னர் வாயைப் பார்த்திருந்தார்கள்; அவருக்கு முன்னால் இருந்த சான்று அதுதான். அவர் வேறென்ன சொல்வார்?

எல்லோரும் மன்னரைப் பார்த்தார்கள், ஒப்புதலுக்காக. புன்னைச்சியும் அவரைப் பார்த்தாள். நீங்களே சொல்லுங்கள் என்று அவள் கேட்பாள் என்று அவர் காத்திருந்தாராம். அவள் கேட்டால் சொல்லிவிடலாம் என்று. அவள் கேட்கவில்லை. இவர் சொல்ல மாட்டார் என்பது அவளுக்குச் சுங்கவாயிலிலேயே தெரிந்துபோயிருக்க வேண்டும். சிவிகையையும் அதன் குறிஞ்சிக் கொடியையும் அவளும் பார்த்தவள்தானே. வெட்டுக்கத்தியோடு ஆள் வந்தான். அவள் முறிந்து வீங்கிக் கிடந்த வலக்கையை இடக்கையால் தாங்கிப் பிடித்து, தானே நீட்டினாள்.

“இதையே எடுத்துக்கிடுங்க. இது இனிமே துடுப்புப் பிடிக்காது. அந்த நல்ல கையை விட்டுடுங்க, நான் பொழைக்கணும்.”

அந்தச் சொல்லில்தான் எம் மன்னர் உடைந்தார். அரியணையிலிருந்து எழுந்து, “நிறுத்துங்க, படம் பொய்!” என்று கத்தினார். அப்புறம் நடந்தது முழுவதையும் சொன்னார். அழுதது, வழுக்கியது, குடுமி, தலைத்துணி, தண்ணீரை அழிக்கச் சொன்னது, பட்டுத்திரை, ஒன்றையும் விடவில்லை. சொல்லச் சொல்லக் கூனிக் குறுகிப் போனார். அவையில் எவரும் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை, பார்க்க எங்களுக்கும் முகமில்லை. சொல்லி முடித்தவர் படியிறங்கி வந்து, அவள் முன்னால் முதுகு வளைத்துக் குனிந்து நின்றார். “மிதி தாயே” என்றார்.

அவள் மிதிக்கவில்லை. எட்ட நகர்ந்துகொண்டாள்.

“வேணாம் ராசா. நான் மிதிச்சா அதையும் ஒரு படமா எழுதி ஊரெல்லாம் தொங்கவிடுவீங்க. அப்புறம் எங்க ஆளுங்க உங்க ஆளுங்களைக் குனியச் சொல்லுவாங்க. எதுக்கு அந்தப் பொழப்பு? அழிச்ச தண்ணிய எழுதுங்க. போதும்.”

மருத்துவர் அவள் கைக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். சிவிகை வேண்டாம் என்றாள், வண்டியில் அனுப்பிவைத்தோம். மருத்துவரும் கூடவே வந்து அவள் வீட்டருகே தங்கியிருப்பதைத் தேவியார் அறிவீர்கள். துடுப்புப் பிடிக்குமா என்று அவர் இன்னும் உறுதி சொல்லவில்லை. இந்த ஓலை எழுதும்போது மன்னர் இரண்டு தடவை அதைத்தான் கேட்டார்.

பூதனார் தண்ணீரை எழுதினார். முடியை எடுத்தார், கழலை எடுத்தார், வாயைத் திறந்தார். எவ்வளவு திறக்கட்டும் என்று கேட்டதற்கு, நான் கத்தின அளவுக்கு என்றார் மன்னர். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்களும் நம்பினோம். முதல் ஊரான கருங்காலிப்பட்டியில் புதுப்படத்தை விரிக்கையில் மன்னரும் சாத்தங்கீரனும் கூட்டத்தின் பின்னால் நின்றார்கள். பறை முழங்கிற்று. கோல்காரன் கோலால் தண்ணீரைக் காட்டினான். ஊர் ஒரு கணம் பார்த்தது. பிறகு எழுந்த ஆரவாரம் இருக்கிறதே!

“தண்ணிக்குள்ள போயும் மிதிச்சிருக்காருடா நம்ம ராசா! வாயைப் பாரு, என்னா கர்ச்சனை!”

ஓராண்டு ஒரே விதமாகப் பார்த்த கண்ணுக்கு, தண்ணீர் எழுதினாலும் அது போர்க்களமாகத்தான் தெரிந்தது. மன்னர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், கோல்காரன் கையிலிருந்து கோலை வாங்கி, கட்டிவைத்த வழக்கத்தை மீறித் தம் வாயாலேயே சொன்னார். இது கர்ச்சனை அல்ல, அழுகை என்றார். நான் தோற்கடிக்கவில்லை, இவள்தான் என்னைக் காப்பாற்றினாள் என்றார். ஊர்ப் பெரியவர் ஒருவர் கண்கலங்கிப் போய்ப் பக்கத்திலிருந்தவரிடம், “எவ்வளவு அடக்கம் பார்த்தீங்களா? வென்ற வெற்றியைக்கூடச் சொல்லிக்க மாட்டேங்கறார்” என்றார். கூட்டம் கைதட்டிற்று.

ஐயோ, அந்தக் கைதட்டலில் எம் மன்னர் நின்ற நிலையைத் தேவியார் பார்த்திருக்க வேண்டும். அடி வாங்கினவர் முகம்கூட அப்படி இருக்காது. கோலைக் கீழே போட்டார். சாவடிக்கு எதிரே ஊர்க்குளம். மேலாடையை, கடகத்தை, செருப்பைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். முழங்கால் வந்தது, கால் நடுங்கிற்று. தொடை வந்தது, உடம்பே உதறிற்று. இடுப்பு வந்ததும் வாய் தானே திறந்துகொண்டது. அன்றைக்கு மண்டபத்தில் எழுந்த அதே குரல், அம்மா அம்மா என்று ஊர் முழுக்கக் கேட்டது. நடிப்பு அல்ல, நடிக்க அவருக்குத் தெரியாது. இரண்டு பேர் குதித்துத் தூக்கிக்கொண்டு வந்து கரையில் போட்டார்கள்.

ஒருவரும் கைதட்டவில்லை. ஒரு பெண்மணி மட்டும் படத்தருகே போய், திறந்திருந்த வாயையும், அதன் கீழே குனிந்திருந்த புன்னைச்சியையும், இருவரையும் சுற்றியிருந்த தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தாள். “அப்ப இந்தப் புள்ளதான் தூக்கிவிட்டுச்சா?” என்று கேட்டாள். ஆமாம் என்றார் மன்னர், பல்லெல்லாம் கிட்டித்துக்கொள்ள. அந்தப் பெண்மணி தன் முந்தானையால் படத்திலிருந்த புன்னைச்சியின் முதுகைத் துடைத்தாள்.

இதனால் தேவியார்க்கு அறிவிப்பதும் மன்னர் தம் நாட்டுக்குக் கட்டளையிட்டிருப்பதும் ஆவன: முகிலடுக்கத்தின் எந்த வாயிலிலும் எந்த நாட்டாரும் இனிக் குனியவேண்டியதில்லை, குனியச் சொன்னவர் அரசனைக் குனியச் சொன்னவராகத் தண்டிக்கப்படுவார். முதுகும் காலும் வெட்டின முத்திரை உடைத்து ஆற்றில் எறியப்பட்டது. படச்சீலை போன ஊர் ஒவ்வொன்றுக்கும் மன்னர் கால்நடையாகப் போவார். அந்தந்த ஊர்க்குளத்தில் இறங்குவார். கடைசி ஊரும் கைதட்டாமல் பார்த்து முடிக்கும்வரை அரியணை ஏற மாட்டார். அதன்பின் தேவியாரின் ஓடத்துறைக்கு வருவார். அவருக்குக் குடை பிடிக்க வேண்டாம், கம்பளம் விரிக்க வேண்டாம். புன்னைச்சி மனமிருந்தால் துறையில் நிற்கட்டும், இல்லாவிட்டால் அவள் தன் வேலையைப் பார்க்கட்டும். வா என்று கட்டளையிட எங்களுக்கு வாய் இல்லை. சந்தைக்கு வருவதும் வராததும் தேவியாரின் மக்கள் விருப்பம். வந்தால் எம் தலைமேல் வைத்துக்கொள்வோம்.

இவ்வோலை மன்னர் திருவாய்மொழிப்படி, ஆவாரங்காடு என்னும் ஊரின் குளக்கரையில் இருந்து ஓலைநாயகம் சாத்தங்கீரனால் எழுதப்பட்டது. முத்திரைக்குப் பழைய குறிஞ்சிப் பூ அச்சையே தேடி எடுத்து வந்தோம். அரக்கை உருக்கி ஊற்றி மன்னரிடம் நீட்டியபோது அவர் அப்போதுதான் குளத்திலிருந்து ஏறியிருந்தார். குடுமியிலிருந்து சொட்டிய நீர் அரக்கில் விழுந்து அச்சு சரியாகப் பதியவில்லை. பூ பாதிதான் தெரிகிறது, மீதி இடம் நீர்த்துளி விழுந்த குழி. வேறு அரக்கு ஊற்றி நல்லதாகப் பதித்துவிடலாம் என்று சாத்தங்கீரன் சொன்னான்.

“அந்தத் தண்ணிய அழிக்காதே” என்றார் மன்னர்.